ஊத்துக்குளி உருண்டை

"கஸ்தூரி, அந்த வெண்ணெய எடுத்து வெளிய வை. பாய் அரை மணியில வந்துடுவாரு."

பூபாலன் படுக்கையிலிருந்தே குரல் கொடுத்தான். கஸ்தூரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஏனென்றால் வெண்ணெய் இல்லை. அடுப்படியில் இருந்தது நெய்.

கம்பெனி நண்பர்களோடு வேன் பிடித்து, ஈரோடு, திருப்பூர் பக்கம் சாப்பிடுவதற்கென்றே இரண்டு நாள் போய்விட்டு விடியற்காலையில்தான் பூபாலன் திரும்பியிருந்தான். கையில் ஒரு கிலோ ஊத்துக்குளி வெண்ணெய்.

"எட்டு மணி நேரம் மடியிலயே வச்சினு வந்தேன்" என்று மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தவன்தான். வேன் ஏசியில் மூக்கு வேறு அடைத்துக்கொண்டிருந்தது.

வெண்ணெய் வீட்டுக்கு வந்தால் உருக்க வேண்டும். கஸ்தூரிக்கு அவ்வளவுதான் தெரியும். முருங்கை இலை கிள்ளிப் போட்டு, பதமாக இறக்கிவிட்டாள். வெறும் வெண்ணெயைத் தின்று பார்க்க ஒருவன் எட்டு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வருவான் என்று அவள் கனவா கண்டாள்?

பாய் என்றால் முகமது இஸ்மாயில். ஆவடியில் பாதிக் கல்யாணத்துக்குப் பிரியாணி போடும் மாஸ்டர். மாப்பிள்ளை வீட்டாரிடமே, "உங்க அரிசி மட்டம்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். போன மாதம் இதே வீட்டில் தோசை மேல் இருந்த வெண்ணெயைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இன்னா நைனா இது, மெழுகுவத்தியா?" என்று கேட்டார்.

அவர் வாயை அடைக்கத்தான் பூபாலன் ஊத்துக்குளியிலேயே வேனை நிறுத்தி வாங்கினான். உருக்கிவிட்டேன் என்றால், பாய் முன்னாலேயே சாமியாடுவான்.

அவன் குளிக்கப் போனதும் கஸ்தூரி தெருமுனைக் கடைக்கு ஓடினாள். அதே மெழுகுவத்தி வெண்ணெயை வாங்கி, பிசைந்து உருட்டி, ஊத்துக்குளிப் பொட்டலத்தின் வாழை இலையிலேயே வைத்தாள். நெய் வாசனை தெரியாமல் இருக்க நாலு ஊதுபத்தி கொளுத்தினாள்.

பாய் வந்தார். ஊதுபத்தியைப் பார்த்தார். கஸ்தூரியைப் பார்த்தார். ஒரு விரல் வெண்ணெயை வழித்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னா பாய், ஒண்ணும் சொல்லாம கீறீங்க?"

"இருப்பா. இன்னும் தொண்டையில கீது."

கஸ்தூரி கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

பாய் கண்ணைத் திறந்தார். "பூபாலா, நான் தோத்துட்டேன். அந்த ஊரு தண்ணியே வேற. மாடு இன்னா புல்லு மேஞ்சுதுன்னு நாக்குல தெரியுது."

பூபாலனும் ஒரு விரல் நக்கினான். மூக்கடைப்பில் அவனுக்கு மணமும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. "பாத்தியா கஸ்தூரி? நம்ம முனைக் கடையிலயும் விக்கறானே, அதெல்லாம் ஒரு வெண்ணெயா?"

கஸ்தூரிக்கு உயிர் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இவ்வளவுதானா இந்த நாக்கு? இதை நம்பியா ஊரே கல்யாணத் தேதி குறிக்கிறது? அடுத்த தெரு கலைவாணியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம்.

"பாய், போய்டாதீங்க. ஊர்ல எடுத்த போட்டோ காட்றேன்." பூபாலன் போனை எடுக்க உள்ளே போனான்.

பாய் அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நெய் வாசனை தெருமுனை வரைக்கும் வருது. அவனுக்கு மூக்கு தொறக்கறதுக்குள்ள நீயே பக்குவமா சொல்லிடு."

கஸ்தூரியின் கண் ஊதுபத்திப் பக்கம் போனது.

"அப்புறம், சாயங்காலம் அந்த நெய்யில ஒரு கிண்ணம் குடுத்தனுப்பு. நாப்பது வருஷத்துல இந்த நாக்கு சொன்ன மொத பொய். கழுவணும்."