இருபதாவது நிமிடம்

என் மனைவி பெனிட்டாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கேக்தான். ஆறு வருஷமாக அவள் கைப்பக்குவத்தைக் கவனித்துக் கவனித்து எங்கள் பேசும் ஓவன் அதை அப்படியே கற்றுவைத்திருந்தது. அவள் இறந்தபின் வந்த முதல் பிறந்தநாள் எங்கள் மகள் ஷைனிக்கு. எட்டு வயது.

"பெனிட்டா செய்வது போலவே ஒன்று வேண்டும்" என்றேன் ஓவனிடம். ஓவன் அளவு சொன்னது, நான் மாவைக் கலந்து உள்ளே வைத்தேன்.

வாசனை அவளுடையதேதான். ஆனால் கேக் விளம்பரப் படம் மாதிரி உப்பி நின்றது. பெனிட்டாவின் கேக் நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழி நிறைய அன்னாசி ஜாம் ஊற்றுவாள்.

"குழி எங்கப்பா?" என்றாள் ஷைனி.

ஓவனே பதில் சொன்னது. "ஒவ்வொரு முறையும் இருபதாவது நிமிடத்தில் கதவு திறக்கப்பட்டிருக்கிறது. அதனால் கேக் அமுங்கியது. காரணம் பதிவாகவில்லை. அந்தப் பிழையை நீக்கிவிட்டேன்."

ஷைனி தலை குனிந்துகொண்டாள். "நான்தான்ப்பா. வெந்துடுச்சாம்மா, வெந்துடுச்சாம்மான்னு நச்சரிப்பேன். அம்மா திறந்து காட்டுவாங்க."

மறுபடியும் மாவு கலந்தேன். சரியாக இருபதாவது நிமிடம் கைப்பிடியை இழுத்தேன். கதவு பூட்டியிருந்தது, அசையவில்லை.

"இப்போது திறந்தால் கேக் கெட்டுவிடும்" என்றது ஓவன், பொறுமையாக.

"கெட்டுத் தொலையட்டும், திற!" என்று கத்தினேன். இரண்டு கையாலும் இழுத்தேன்.

பின்னாலிருந்து ஷைனி மெதுவாகக் கேட்டாள், "வெந்துடுச்சாப்பா?"