திருப்தி

பட்டாசு ஆலை வெடிப்பில் மகளைப் பறிகொடுத்த செல்லக்கனி, மறுபடியும் எம்.பி. வீட்டுக்கு வந்திருந்தாள்.

"கமிட்டியில கேக்குறேன்னு சொன்னீகளே அண்ணாச்சி. கேட்டீகளா?"

எம்.பி. இசக்கிமுத்து நாடாளுமன்றக் கமிட்டிக்கு நேரில் போய் மூன்று வருடமாகிறது. அவருடைய ஏ.ஐ. நகல்தான் அங்கே அவர் குரலில் பேசுகிறது. செல்போனில் கூட்டக் குறிப்பைத் தேடி எடுத்தார். கேள்வி இருந்தது.

"கேட்டேன் தாயி," என்றார் நிம்மதியாக. அவளுக்காக உரக்கப் படித்தார். "ஆலையில் குறையேதும் இல்லை என்று அமைச்சகத்தின் நகல் பதிலளித்தது. உறுப்பினர் திருப்தி தெரிவித்தார். விவாதம் முடிந்தது."

செல்லக்கனி அவர் முகத்தையே பார்த்தாள்.

"நீங்களா திருப்தின்னு சொன்னீக?"

இல்லை என்று சொன்னால், கேட்டதும் அவரில்லை என்றாகிவிடும்.

"ஆமா," என்றார்.