வைக்கோலின் புதுப் பேர்

அறுவடை முடிந்த வயலில் இயந்திரம் வைக்கோலை உருட்டி உருட்டிக் கட்டிப் போட்டது. வரப்பில் நின்ற மாடு, "எனக்கு ஒரு வாய் விட்டுட்டுப் போகச் சொல்லேன்" என்று ஒரு வைக்கோல் கட்டைப் பார்த்துக் கேட்டது.

"இனிமே என்னை வைக்கோல்னு கூப்பிடாதே" என்றது கட்டு. "நான் தேசிய உயிர்மூலப்பொருள். மேடையில அப்படித்தான் சொன்னாங்க. ஆலை வருது. என்னை அரைச்சுத் தட்டு செய்யப் போறாங்க."

"அப்ப நான் எதைத் தின்றது?"

"நாடு முன்னேறுற நேரத்துல வயித்தைப் பத்திப் பேசுறியே."

கட்டுகளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிவிட்டது.

ஆலைத் திறப்பு விழாவில் எல்லோரும் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டார்கள். மறுநாள் விழா நடந்த மண்டபத்தின் பின்பக்கம், விலா எலும்பு தெரிய வந்த அதே மாடு பச்சைக் குப்பைத் தொட்டியை முட்டிச் சாய்த்தது.

"மெதுவா. நான்தான்" என்றது உள்ளே கிடந்த எச்சில் தட்டு.

மாட்டுக்குக் குரல் தெரிந்தது. "இப்ப உன்னை எப்படிக் கூப்பிடணும்?"

"தொட்டியிலேயே எழுதியிருக்கு. மக்கும் குப்பை."

மாடு அதைக் கடித்தது. தட்டின் மேல் பூசியிருந்த பளபளப்பு பல்லில் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு மென்றும் வைக்கோல் ருசி வரவில்லை.