புவாசோன் என்றால் என்ன?

"பலகையில என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்காவது சொல்லுவியா, மாட்டியா?"

எதிர்வீட்டு அக்கா இப்படிக் கேட்பது இது நாற்பதாவது தடவை இருக்கும். மீன்கடைக்காரி செதில் சீவிக்கொண்டே, "ஏதோ ஒரு பேருக்கா" என்றாள். அதே பழைய பதில்.

தெருமுனையில் குளுகுளு சூப்பர் மார்க்கெட் வந்ததிலிருந்து இவள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் மூன்று மாதம் பார்ப்பது, தேறாவிட்டால் மூடிவிட்டு அண்ணன் வீட்டில் போய் ஒண்டிக்கொள்வது என்று தெருவுக்கே தெரிந்த முடிவு. அப்போதுதான் பழைய பலகையைக் கழற்றி, நீலப் பெயிண்டில் 'புவாசோன்' என்று ஒற்றை வார்த்தை எழுதி மாட்டினாள்.

அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. முதல் வாரம் அது மீன்காரியின் பழைய காதலன் பெயர் என்று தையற்கடையில் சொன்னாள். அடுத்த வாரம், கடையை வளைத்துப் போட்ட வெளிநாட்டுக் கம்பெனி என்று சலூன் வரை சேதி போயிற்று. அப்புறம் அது ஏதோ ஒரு தேசத்து ராணியாகிவிட்டது. கேட்டவர்கள் பலகையைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு அரைக் கிலோ வாங்கினார்கள். மீன் நன்றாக இருக்கவே மறுபடி வந்தார்கள்.

அன்றோடு மூன்று மாதம். பொறுக்கமாட்டாமல் அக்கா படித்தவர்கள் வீடாக ஏறி இறங்கி, கடைசியில் ரிட்டயரான பிரெஞ்சு டீச்சரைப் பிடித்தாள்.

"பிரெஞ்சுல மீன்னு அர்த்தம்மா. அது வந்த வழியைத் தேடி லத்தீனுக்குப் போனா அங்கேயும் மீன்தான். அந்தப் பக்கம் மீன் வித்தவங்களுக்கு அதுவே குடும்பப் பேராவும் ஒட்டிக்கிச்சு" என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அக்கா நேரே கடைக்கு வந்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடிந்தது.

"மீன்கடைக்கு மீன்னு பேர் வைக்கவாடி இத்தனை பில்டப்பு? என்னை நாயா அலைய விட்டுட்டியே."

மீன்காரி கையைக் கழுவித் துடைத்தாள். இருப்பதிலேயே பெரிய மீனாகப் பொறுக்கிச் சுத்தம் செய்து அக்கா கையில் வைத்தாள். காசு நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"கடை நிலைச்சிடுச்சுக்கா, எல்லாம் உங்க புண்ணியம். பலகை எழுதறதுக்கு முன்னாடி டீச்சர்கிட்ட நான் கேட்டது ஒண்ணுதான்: எதிர்வீட்டு அக்காவுக்குப் புரியாத வார்த்தையா ஒண்ணு சொல்லுங்க டீச்சர்னு."