ரெமியின் முறை

பைன் காட்டு இறக்கம் முடிந்து, சாலை பிரான்சின் அல்சாஸ் பகுதித் திராட்சைத் தோட்டங்களுக்குள் நுழைகிறது. அறுவடை முடிந்த கொடிகள் துருநிறத்தில் நிற்கின்றன. அடுத்த கிராமத்திலிருந்து புளிக்கும் சாற்றின் வாசம் வருகிறது, கூடவே எதிர்க்காற்றும். முன்னால் ஒதீல் காற்றைக் கிழித்துச் சைக்கிளை மிதிக்கிறாள். அவள் மறைவில் ஜெரார் வருகிறான், ஆனால் ஒரு சைக்கிள் இடம் விட்டு. கோடையில் இதே சாலையில் லாரி மோதிச் செத்த ரெமியின் இடம் அது.

"ஒட்டி வாயேன்டா, சோம்பேறி! மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டாமா?"

"நீ பாத்து ஓட்டு. நான் என் எடத்துலதான் வரேன்," என்கிறான் ஜெரார்.

ஒதீலின் தொடைகள் எரிகின்றன. மூவராய் ஓட்டிய நாளின் பழக்கத்தில் முழங்கையை அசைத்து ஓரமாக ஒதுங்குகிறாள். அடுத்தவர் முன்னே வந்து எதிர்க்காற்றைத் தாங்கட்டும் என்று அதற்குப் பொருள். ஜெரார் வரவில்லை. அவனும் மெல்ல மிதித்தபடி காத்திருக்கிறான். ஒதீலுக்கு அடுத்து எப்போதும் ரெமிதான் முன்னே போவான். இருவரும் வெற்றுச் சாலையைப் பார்க்கிறார்கள். இரு பக்கக் கொடிகளிலும் இலைகள் படபடத்துப் பிய்ந்து பறக்கின்றன. அவர்கள் முகத்தில் மட்டும் காற்று படவில்லை.