ஷீல்டு மட்டும்

இவர்களுக்கு ரோஜாவை விட்டால் வேறு பூவே கிடையாதா.

இருபத்திரண்டு கணினித் திரைகள். பதினெட்டில் ரோஜா. செரிமான மண்டலத்துக்கு நான்கு மூலையிலும் ரோஜா. நிலநடுக்கத்துக்கும் ரோஜா. ஒருவர் இரைப்பைக்குள்ளேயே ஒன்றை வைத்திருந்தார். இடம் காலியாக இருந்ததாம்.

அவள் தன் திரையைப் பார்த்துக்கொண்டாள். வெள்ளைப் பக்கம். கறுப்பு எழுத்து. சின்னதாக ஒரு கர்வம் வந்தது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சியின் ஐந்தாம் நாள், கடைசி நாள். பாடத்துக்கான இணையப் பக்கம் செய்யவும் படங்களைத் திருத்தவும் ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதாக வாசலில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள்.

ஒரு பக்கத்தில் மூன்று நிறத்துக்கு மேல் கூடாது என்று பயிற்றுநர் முதல் நாள் சொன்னார். சொன்னபோது அவருக்குப் பின்னால் அவர் பெயர் ஏழு நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தது.

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

இன்று மதியம் அவர் கற்றுத் தந்தது, படத்தில் வேண்டாததை எடுப்பது. சுற்றி ஓரம் போட வேண்டும். அழிக்க வேண்டும். அழிந்த இடத்தைப் பக்கத்துச் சுவரை நகலெடுத்து நிரப்ப வேண்டும். அங்கே ஒன்று இருந்ததே தெரியாது என்றார்.

பக்கத்து நாற்காலிக் கணக்கு ஆசிரியை பாரிஜாதம் முதல் வேலையாகத் தன் கல்யாணப் படத்திலிருந்து நாத்தனாரை எடுத்தாள்.

"இருவது வருசத்துல இன்னைக்குத்தான் டீச்சர் நிம்மதி."

நான்கு மணிக்குள் ஒவ்வொரு பள்ளியின் முகப்புப் பக்கமும் இணையத்தில் ஏறியாக வேண்டும். அவளுடைய தலைமையாசிரியர் அதற்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்.

அறிவியல் கண்காட்சி மேடை. ஓர் அதிகாரி ஷீல்டை நீட்டுகிறார். நாகஜோதி இரண்டு கையாலும் வாங்குகிறாள். தலைமையாசிரியர் ஓரமாக நின்று கைதட்டுகிறார்.

செருப்புக் கடை அட்டைப்பெட்டியில் நாகஜோதி ஒரு கருவி செய்திருந்தாள். கிணற்று நீரில் உப்பு கூடினால் அதில் பல்பு கூடுதலாக எரியும். பள்ளிக்கு வந்த ஒரே ஷீல்டு அது. இப்போது தலைமையாசிரியரின் பீரோ மேல் இருக்கிறது. வாரம் ஒரு முறை அவரே துடைக்கிறார்.

படத்துக்குப் பின்னாலேயே அவரிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், ஷீல்டு இருக்கட்டும். அந்தப் பிள்ளைய மட்டும் எடுத்துருங்க. என்னையக் கொஞ்சம் நகத்தி அந்த எடத்துல வச்சிருங்க."

வேறு படம் போடலாமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அதிகாரி இருப்பது இதில்தான் என்றார். இடைநிற்றலே இல்லாத பள்ளி என்று பக்கத்தின் உச்சியில் போட வேண்டுமாம். கீழே அந்த முகம் இருந்தால் எவனாவது எதையாவது கேட்பான் என்றார்.

நாகஜோதி ஜூனிலிருந்து வரவில்லை. பதிவேட்டில் வேறு பள்ளிக்கு மாற்றம் என்று இருக்கிறது. எந்தப் பள்ளி என்ற கட்டத்தில் ஒரு கோடு. பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு நூல் மில் விடுதியில் இருக்கிறாள். வீட்டில் மூன்று வருடத்துக்குப் பேசி வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இது தலைமையாசிரியருக்குத் தெரியும்.

அவளுக்கும் தெரியும்.

ஒரு முறை நாகஜோதியின் வீட்டுக்குப் போனாள். அம்மா டீ போட்டுக் கொடுத்தார். குடித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். போன வேலை முடிந்துவிட்டதுபோல ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள்.

அந்த டீயை நினைத்தால் ரோஜாக்காரர்கள் எவ்வளவோ மேல்.

இனி நாகஜோதி பள்ளியில் இருப்பது இந்தப் படத்தில் மட்டும்தான். பக்கம் ஏறினால் யாராவது ஒருவர் பார்ப்பார். இந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று கேட்கவும் கூடும்.

கேட்காமலும் போகலாம்.

அவள் மவுஸை எடுத்தாள்.

கை தானாகவே வேலை செய்தது. அந்த அறையில் இதை ஒழுங்காகக் கற்றவள் அவள் ஒருத்திதான். இரட்டைச் சடையைச் சுற்றி ஓரம் போட்டாள். பிறகு தோள். பிறகு முழங்கை, நீளம் போதாமல் மடிப்புப் பிரித்துவிட்ட பாவாடை. அழித்தாள். மேடையின் நீலத் திரைச்சீலையை எடுத்து நிரப்பினாள். சுருக்கத்தோடு சுருக்கம் பொருந்தியது.

நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

அப்படி நினைத்தவளைப் பார்க்க அவளுக்கே சகிக்கவில்லை.

ஷீல்டின் இரு ஓரத்திலும் விரல்கள் மிஞ்சியிருந்தன. பக்கத்துக்கு நான்கு. மருதாணி வெளிறிய நகங்கள்.

ஆள் இல்லை. பிடி விடவில்லை.

பயிற்றுநர் பின்னால் வந்து குனிந்தார். பிரமாதம் என்றார். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் முடிந்தது, இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்றார்.

மேசையில் போன் அதிர்ந்தது. தலைமையாசிரியர். அவள் எடுக்கவில்லை.

செய்ததைத் திரும்பப் பெறும் இரண்டு கீகளையும் சேர்த்து அழுத்தினாள்.

திரைச்சீலை விலகி முழங்கை வந்தது. இன்னொரு முறை. தோள். இன்னொரு முறை. இரட்டைச் சடை.

நாகஜோதி அதிகாரியைப் பார்க்கவில்லை. ஷீல்டையும் பார்க்கவில்லை. படம் எடுத்தவரை நேராகப் பார்த்தாள்.

அன்று படம் எடுத்தது இவள்தான்.

"அடடா, திரும்ப வந்துருச்சே. வரலையா மேடம்? தள்ளுங்க, நான் செஞ்சு தர்றேன்."

பயிற்றுநரின் கை மவுஸுக்காக நீண்டது.

"வரும் சார்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மவுஸையும் விடவில்லை.