நான்காவது அசல்

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் நோரீன் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியில், ஒரு சரக்கைக் காட்டிப் பெற்றுக்கொள்ள மூன்று அசல் ரசீதுகள்தான். நான்காவது என்று ஒன்று கிடையாது.

அங்கே வரவேண்டிய ஒரு கப்பலோடு புயலில் தொடர்பு அறுந்து ஒன்பது நாளாகியிருந்தது. நோரீனின் கணவன் ஆங்கஸ் அதில் சமையல்காரன். புதன்கிழமை அந்தக் கப்பலின் கோப்பில் நான்காவது அசல் இருந்தது. பின்பக்கம் 'சரக்கு ஒப்படைக்கப்பட்டது' என்ற முத்திரை, வரப்போகும் வெள்ளிக்கிழமைத் தேதி, நோரீனின் கையெழுத்து. மை காயவில்லை.

"கப்பலையே காணோம், சரக்கை ஒப்படைச்சுட்டியா? எப்போ கையெழுத்துப் போட்டே?" என்றான் பக்கத்து மேசை லாய்ட்.

"இன்னும் போடலப்பா."

வீட்டுக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை மீன் சூப்பு கூடுதலாக வைக்கும்படி மகளிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை, மூடுபனிக்குள் எங்கோ கப்பல் சங்கு ஊதியது. நோரீன் பேனாவைத் திறந்தாள்.